ஒரே தெய்வத்துக்கு ஆயிரம் பெயர் எதற்கு?

ஆறு மாதமாக வேலைக்குப் போகும் ரயிலில் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லி வருகிறீர்கள். சமஸ்கிருதம் தெரியாது, தமிழ் எழுத்தில் அச்சிட்ட சின்னப் புத்தகம்தான் கையில். நான்கு சந்தேகங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கடவுளுக்கு ஏன் ஆயிரம் பெயர், அதிலும் சில பெயர்கள் ஏன் மறுபடி மறுபடி வருகின்றன? பொருள் தெரியாமல் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா? உச்சரிப்பு தவறினால் கெடுதல் என்று கூட வரும் ஒருவர் பயமுறுத்துகிறாரே, உண்மையா? பேசாமல் ஒரே பெயரை ஆயிரம் தடவை சொல்லிவிட்டால் என்ன? எனக்குப் பிடித்தது கடைசிக் கேள்வி. ஆனால் முதல் கேள்வியைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

இந்த ஆயிரம் பெயர்கள் மகாபாரதத்தின் அனுசாசன பர்வத்தில் வருகின்றன. போர் முடிந்துவிட்டது. தருமருக்கு ராஜ்யம் கிடைத்தும் நிம்மதி இல்லை. பீஷ்மரிடம் ஆறு கேள்விகள் கேட்கிறார். முதல் கேள்வி, 'கிம் ஏகம் தைவதம் லோகே', அதாவது உலகில் ஒரே தெய்வம் எது? அந்த 'ஏகம்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒன்றைக் கேட்டவருக்கு ஆயிரம் பதில் வருகிறது. பட்டியலைத் தொடங்கும் முன் பீஷ்மர் ஒரு விளக்கமும் தருகிறார். இவை 'கௌண' நாமங்கள், குணத்தை வைத்து ஏற்பட்டவை, ரிஷிகள் பாடிப் பாடிப் புகழ்பெற்றவை என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று படித்தோமே, அதுதான் இங்கே சாவி. நம்முடைய பெயர்கள் பெரும்பாலும் இடுகுறிபோல வேலை செய்கின்றன. செல்வம் என்று பெயர் வைத்திருப்பவர் கடனில் இருக்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சகஸ்ரநாமத்தில் இருப்பவை அத்தனையும் காரணப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'ஏனென்றால்' என்று ஒன்று நிற்கிறது. மகாபாரதத்துக்கே இது பழக்கமான வழிதான். விராட பர்வத்தில், பேடி வேடத்தில் இருப்பவன் 'நான்தான் அர்ஜுனன்' என்று சொன்னதும் உத்தரன் நம்பவில்லை. 'அர்ஜுனனுக்குப் பத்துப் பெயர் உண்டு, அவற்றைக் காரணத்தோடு சொல், நம்புகிறேன்' என்கிறான். தனஞ்சயன் ஏன், விஜயன் ஏன், சவ்யசாசி ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் அவனுக்கு நம்பிக்கை வருகிறது. இடி இடித்தால் பாட்டிமார் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்வார்களே, அவர்களில் சிலருக்கு அந்தப் பத்துப் பெயரும் வரிசையாக மனப்பாடம்.

அதனால் ஆயிரம் பெயர் என்பதை ஆயிரம் காரணம் என்று வாசித்துப் பாருங்கள். பட்டியல் உடனே வேறு மாதிரி தெரியும்.

இந்தக் காரணங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கவலை பாடியவருக்கு இல்லை. 90ஆம் சுலோகத்தை எடுங்கள்: 'அணுர் ப்ருஹத் க்ருச: ஸ்தூலோ குணப்ருந் நிர்குணோ மஹாந்.' அணு அளவானவன், மிகப் பெரியவன். மெலிந்தவன், பருத்தவன். குணங்களைத் தாங்குபவன், குணமே இல்லாதவன். அதற்கு முந்தைய சுலோகம் 'பயக்ருத் பயநாசந:' என்று முடிகிறது. பயத்தை உண்டாக்குபவனும் அவனே, போக்குபவனும் அவனே. ஏதாவது ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு 'இவ்வளவுதான் கடவுள்' என்று நாம் உட்காரப் பார்க்கும்போது அடுத்த பெயர் வந்து எழுப்பிவிடுகிறது. ஆயிரம் பெயர் எதற்கு என்பதற்கு நான் கண்ட பதில் இதுதான். ஒரு பெயரோடு மனசு திருப்திப்பட்டு நின்றுவிடாமல் இருக்க இத்தனை பெயர் தேவைப்படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் 78ஆம் சுலோகம். 'ஏகோ நைக: ஸவ: க: கிம் யத் தத்...' என்று ஓடும். ரயில் வேகத்தில் சொன்னால் நான்கு நொடியில் கடந்துவிடுவீர்கள். நிறுத்திப் பாருங்கள். ஏக: என்றால் ஒருவன். நைக:, ஒருவன் அல்லாதவன். ஸவ: என்பது வேள்வி. அப்புறம் வருபவை பெயர்களே இல்லை, நாம் தினம் புழங்கும் சொற்கள்: க: என்றால் யார், கிம் என்றால் என்ன, யத் என்றால் எது, தத் என்றால் அது. கேள்விச் சொல்லையும் சுட்டுச் சொல்லையும் தூக்கி அப்படியே திருநாமமாக வைத்துவிட்டார்கள். உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். 'க' ஆனந்த வடிவம், 'கிம்' ஆராய்ந்து தேடப்பட வேண்டியவன் என்று சங்கரர் பெயரில் வழங்கும் உரை போகிறது. ஆனால் இதையே அர்ச்சனையில் கேட்கும்போது வேறு ஒரு சுவை இருக்கும். அங்கே 'காய நம:, கஸ்மை நம:, யஸ்மை நம:, தஸ்மை நம:' என்று வரும். கஸ்மை என்றால் யாருக்கு. யாருக்கு வணக்கம்? ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 121ஆம் சூக்தம் 'கஸ்மை தேவாய ஹவிஷா விதேம', எந்தத் தேவனுக்கு நாம் அவி கொடுப்போம் என்று மறுபடி மறுபடி கேட்கும். அந்தப் பழைய கேள்வியே இங்கே பெயராகி உட்கார்ந்திருக்கிறது.

இது வடமொழிச் சரக்கு மட்டும்தானா என்றால், இல்லை. 'ஒரு நாமம் ஓருருவம் ஒன்றுமில்லாற்கு ஆயிரம் திருநாமம் பாடி நாம் தெள்ளேணம் கொட்டாமோ' என்கிறார் மாணிக்கவாசகர். பெயரே இல்லாதவன், அதனால்தான் ஆயிரம் பெயர். நம்மாழ்வார் இன்னும் குறும்பாக, ஆயிரம் பெயர் உடையவன் என்று சொல்லிவிட்டு அடுத்த அடியிலேயே 'பேரும் ஓர் உருவமும் உளதில்லை இலதில்லை பிணக்கே' என்று முடிச்சுப் போடுகிறார். உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் சண்டை, தீரவே தீராது. வைத்தீசுவரன் கோயில் தேவாரத்தில் அப்பர் 'பேராயிரம் பரவி வானோர் ஏத்தும் பெம்மானை' என்று தொடங்கி, 'மந்திரமும் தந்திரமும் மருந்துமாகி' என்று போகிறார். விஷ்ணு சகஸ்ரநாமத்திலும் 'வைத்ய:' உண்டு, 'பேஷஜம் பிஷக்' உண்டு: மருந்து, மருத்துவன். நோயாளி வேண்டுவது எல்லா மொழியிலும் ஒன்றுதானே. இவற்றுக்கெல்லாம் முந்தைய திருமுருகாற்றுப்படையின் கடைசிப் பகுதியை எடுத்துப் பாருங்கள். 'ஆல்கெழு கடவுட் புதல்வ, மால்வரை மலைமகள் மகனே, மாற்றோர் கூற்றே' என்று விளிகள் அடுக்கடுக்காக வரும். முருகனை நேரில் கண்டால் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று புலவர் கற்றுத்தருகிற இடம் அது. இன்று வீடுகளில் சொல்லும் 108 போற்றியும், 2021இல் அறநிலையத்துறை தொடங்கிய 'அன்னைத் தமிழில் அர்ச்சனை'யும் இந்த வழியில் வந்தவைதான். உங்களுக்குச் சமஸ்கிருதம் ஒட்டவே இல்லை என்றால் போற்றி சொல்லுங்கள். குறைந்து போகாது.

திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். சரியாகத்தான் கவனித்திருக்கிறீர்கள். விஷ்ணு, வாசுதேவன், பத்மநாபன், மாதவன், ஸ்ரீமான் எல்லாம் மூன்று முறை வருகின்றன. கேசவன், அச்யுதன் இரண்டு முறை. ஆயிரம் சேராததால் இட்டு நிரப்பினார்கள் என்று கேலி செய்பவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள் போல. உரைகாரர்கள் இதை விட்டுவைக்கவில்லை. சொல் ஒன்றாக இருந்தாலும் வரும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும் என்பது அவர்கள் பதில். 12ஆம் நூற்றாண்டில் திருவரங்கத்தில் வாழ்ந்தவர் பராசர பட்டர், கூரத்தாழ்வானின் மகன். இவர் எழுதிய உரைக்குப் பெயர் 'பகவத்குண தர்ப்பணம்'. பகவானின் குணங்களைக் காட்டும் கண்ணாடி. ஆயிரத்தையும் அவர் சும்மா ஒரு பட்டியலாக விடவில்லை. பரத்துவம் (எல்லாவற்றுக்கும் மேலான நிலை), வியூகம் (படைத்தல், காத்தல் முதலியவற்றுக்காக எடுக்கும் வடிவங்கள்), அவதாரங்கள் என்று பகுதி பகுதியாகப் பிரித்து ஒரு கதைபோலக் கொண்டுபோகிறார். அதில் ஒரே பெயர் வேறு பகுதியில் வந்தால் வேறு முகம். மத்வ மரபினர் இன்னும் மேலே போய், ஒவ்வொரு நாமத்துக்கும் நூறு பொருள் என்பார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தெம்பில்லை.

பக்கத்திலேயே லலிதா சகஸ்ரநாமத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அது பிரம்மாண்ட புராணத்தைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுவது, ஹயக்ரீவர் அகத்தியருக்குச் சொன்னது. அதில் ஒரு பெயரும் இரண்டாவது முறை வராது என்பது சாக்தர்களின், அதாவது சக்தியை வழிபடுபவர்களின், பெருமை. 'ஸ்ரீமாதா' என்று அம்மாவில் தொடங்கி 'லலிதாம்பிகா' என்று அம்மாவில் முடியும். நடுவில் அவள் தோன்றுகிறாள், கூந்தலிலிருந்து பாதம் வரை வர்ணனை, பண்டாசுரனோடு போர் என்று கதையே நடக்கிறது. சில பெயர்கள் அரைச் சுலோகம் நீளம். 'நிஜாருண ப்ரபாபூர மஜ்ஜத் ப்ரஹ்மாண்ட மண்டலா' என்பது ஒரே ஒரு பெயர். தன் சிவந்த ஒளிவெள்ளத்தில் அண்டங்கள் அனைத்தையும் முழுக வைத்தவள். அதே நூலில் கொஞ்ச தூரம் போனால் சமையலறைக்கு வந்துவிடுவோம். பாயசான்னப்ரியா, பாயசத்தை விரும்புகிறவள். குடான்ன ப்ரீதமானஸா, சர்க்கரைப் பொங்கலில் மகிழ்கிறவள். தத்யன்னாஸக்த ஹ்ருதயா, தயிர்சாதத்தில் மனசு ஒட்டியவள். இவை உடம்பின் சக்கரங்களில் இருக்கும் யோகினிகளைச் சொல்லும் பெயர்கள். தயிர்சாதம் சுவாதிஷ்டானத்துக்கு, பாயசம் விசுத்திக்கு என்று கணக்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பாஸ்கரராயர் எழுதிய 'சௌபாக்ய பாஸ்கரம்' என்ற உரை இதையெல்லாம் விரிவாகச் சொல்லும். சக்கரக் கணக்கு எதுவும் தெரியாமலேயே அந்த வரி வரும்போது, நைவேத்தியத்தை நினைத்து லேசாகச் சிரிக்கும் பெண்களைப் பாராயணக் குழுக்களில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பொருள் புரியவில்லை என்று யார் சொல்வது?

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். பொருள் தெரியாமல் சொன்னால் பயன் உண்டா? உண்டு என்று மரபு சொல்கிறது, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருளைத் தெரிந்துகொள்ளவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு அது அனுமதி இல்லை. காரணப் பெயர் என்று சொல்லிவிட்டுக் காரணத்தைத் தேடாமலே இருந்தால் எப்படி? நான் செய்வது இது. வழக்கமான வேகத்தில் முழுவதும் சொல்வேன், அரை மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஒரே ஒரு சுலோகத்தை எடுத்துக்கொண்டு உரை பார்ப்பேன். நாமங்கள் வரும் பகுதி மட்டும் 107 சுலோகம், ஆக ஒரு சுற்று முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அவசரம் எதுவும் இல்லை. படித்த நாமம் மறுநாள் பாராயணத்தில் வரும்போது, தெரிந்த முகம் கூட்டத்தில் தட்டுப்பட்டதுபோல இருக்கும். முதலில் எங்கோ ஒன்று, அப்புறம் வரிக்கு ஒன்று.

பொருளை மெதுவாக உள்ளே இறக்க இன்னொரு வழி அர்ச்சனை. சுலோகமாகச் சொல்லும்போது பெயர்கள் ஒன்றோடொன்று சந்தி சேர்ந்து ஓடிவிடும். நாமாவளியில் ஒவ்வொன்றும் தனியாகப் பிரிந்து, நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும். விஷ்ணு என்பது 'விஷ்ணவே நம:' ஆகும், ஸ்ரீமாதா என்பது 'ஸ்ரீமாத்ரே நம:' ஆகும். தமிழில் 'கு' உருபு செய்யும் வேலைதான். இன்னாருக்கு வணக்கம் என்று ஆயிரம் முறை நின்று நின்று சொல்கிறோம். கை பூவையோ குங்குமத்தையோ ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிட்டிகை எடுத்து வைக்கும். முதல்முறை குங்கும அர்ச்சனை செய்பவர்களைக் கவனியுங்கள். முதல் நூறு பெயருக்குத் தாராளமாக அள்ளுவார்கள். ஐந்நூறில் கிண்ணத்தை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். எண்ணூறு தாண்டியதும் சிட்டிகை வெறும் விரல்நுனி ஆகிவிடும். கடைசியில் கிண்ணத்தின் அடியைச் சுரண்டி 'லலிதாம்பிகாயை நம:' வரை இழுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டாம் முறை யாருக்கும் இந்தக் கஷ்டம் வருவதில்லை, முதலிலேயே அளந்து எடுக்கப் பழகிவிடுகிறது கை. (லட்சார்ச்சனை என்றால் இதுவே நூறு மடங்கு. பத்துப் பேர் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து முறை சொன்னால் லட்சம் ஆகிவிடும்.)

இனி அந்தப் பயமுறுத்தும் நண்பர். அவர் அநேகமாக இந்திரசத்ரு கதையைச் சொல்லியிருப்பார். துவஷ்டா இந்திரனைக் கொல்ல ஒரு பிள்ளை வேண்டி வேள்வி செய்தான். 'இந்திரசத்ரு' என்ற சொல்லில் ஸ்வரம் மாறிப்போனது. இந்திரனைக் கொல்பவன் என்ற பொருள் போய், இந்திரனால் கொல்லப்படுபவன் என்று ஆகிவிட்டது. கதை சரி, ஆனால் அது வேத மந்திரத்தைப் பற்றியது. வேதத்துக்கு ஏற்ற இறக்க ஸ்வரம் உண்டு, அது மாறக் கூடாது, குருவிடம் கேட்டுத்தான் கற்க வேண்டும். சகஸ்ரநாமம் இதிகாசத்தில் வருவது. அதற்கு ஸ்வரம் கிடையாது, சந்தம்தான் உண்டு. பெரும்பாலும் அனுஷ்டுப், எட்டு எட்டு எழுத்தாக நான்கு பாதம், மொத்தம் 32. பாதியில், அதாவது 16இல், மூச்சு விட்டால் பெயர் உடையாது. இதைப் பழகினாலே பாதிப் பிழை போய்விடும். மீதிப் பிழைக்குத் தமிழ் எழுத்தும் ஒரு காரணம். நம் 'க' ஒன்றே நான்கு ஒலிக்கு நிற்க வேண்டியிருக்கிறது. எழுத்தின் மேல் 1, 2, 3, 4 எண் போட்ட பதிப்பாக வாங்குங்கள். தினமும் பத்து நிமிடம் நன்றாகச் சொல்லத் தெரிந்தவர்களின் பதிவைக் கேளுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி குரலில் இருப்பது போதும், பல வீடுகளுக்கு அதுதான் குரு. முடிக்கும்போது 'யதக்ஷர பதப்ரஷ்டம் மாத்ராஹீநம் து யத்பவேத்' என்று ஒரு சுலோகம் சொல்கிறோமே, அதன் பொருளைப் பார்த்தீர்களா? எழுத்தோ சொல்லோ மாத்திரையோ தவறியிருந்தால் பொறுத்துக்கொள் நாராயணா என்பதுதான். தவறும் என்று தெரிந்தேதான் கடைசியில் அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

குருவாயூரில் பூந்தானம் நம்பூதிரி என்ற மலையாள பக்திக் கவிஞரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 'பத்மநாபோ(அ)மரப்ரபு:' என்று ஒரு வரி. பத்மநாபன், அமரப்ரபு, அதாவது தேவர்களின் தலைவன். நடுவில் அந்த 'அ' சந்தியில் மறைந்துவிடும். பூந்தானம் அதை 'மரப்ரபு' என்று பிரித்துச் சொன்னாராம். மலையாளத்திலும் மரம் மரம்தான், ஆக மரங்களின் தலைவன். பண்டிதர்கள் சிரித்துத் திருத்த, சன்னிதியிலிருந்து 'நான் மரப்ரபுவும்தான்' என்று குரல் வந்ததாம். இன்றும் குருவாயூரில் மரப்ரபு என்ற பெயரில் பெரிய சிலை ஒன்று நிற்கிறது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் திருத்திக்கொள்ளாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் புத்தகத்திலும் அந்த இடத்தைப் பாருங்கள், ஆறாவது சுலோகம்.

கடைசிக் கேள்வி. ஒரே பெயரை ஆயிரம் முறை சொன்னால்? உங்களுக்கு முன்பே இதைக் கேட்ட ஒருவர் உண்டு. பாராயணத்தின் முடிவில் பார்வதி சிவனைக் கேட்கிறாள்: பண்டிதர்கள் தினமும் சொல்லும் இந்த ஆயிரத்தைச் சுலபமாகச் சொல்ல வழி என்ன? அவர் 'ஸ்ரீராம ராம ராமேதி' என்று தொடங்கி, ராம நாமம் ஆயிரத்துக்குச் சமம் என்கிறார். இதற்கு, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறையில் ஒரு கணக்கும் சொல்வார்கள். ர என்றால் 2, ம என்றால் 5, பெருக்கினால் 10, மூன்று ராமனையும் பெருக்கினால் ஆயிரம். கணக்கு அழகாக இருக்கிறது, அதற்கு மேல் அதில் நான் எதையும் ஏற்றமாட்டேன். கோவிந்தபுரம் போதேந்திரர் போன்றவர்கள் நாம சித்தாந்தம் என்று இந்த ஒற்றைப் பெயர் வழியையே வாழ்க்கையாக வைத்தவர்கள். ஆக, தாராளமாகச் சொல்லலாம். ஒரே ஒரு விஷயம், பார்வதி கேட்டது ஆயிரத்தையும் கேட்டு முடித்த பிறகு. ஆயிரம் காரணமும் தெரிந்தவளுக்கு ஒரு பெயர் போதும். எனக்கு ஆயிரத்தில் இன்னும் பாதிக்கு மேல் வெறும் ஓசைதான், அதனால் புத்தகத்தை மூடவில்லை. நேரம் இல்லாத நாளில் ராம நாமம், மற்ற நாளில் முழுப் பாராயணம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ரயிலில், குளிக்காதவர்கள் நடுவில், செருப்புக் காலோடு சொல்லலாமா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். பீஷ்மர் இதைச் சொன்னது போர்க்களத்தில், உடம்பெல்லாம் அம்பு தைத்துப் படுத்திருந்தபோது. நீங்கள் தாராளமாகச் சொல்லுங்கள். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டால் நிறுத்திய சுலோகத்தில் ஒரு சீட்டை வைத்துவிட்டு, மாலை ரயிலில் அங்கிருந்து தொடருங்கள்.